பன்னிரண்டு பேர், ஒரே காணிக்கை

சபைக் கமிட்டிக்கு இந்த ஆண்டு புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் கேட்டிருக்கிறார்: "எண்ணாகமம் 7ஆம் அதிகாரத்தை வைத்துத் தாழ்மையான ஊழியம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வாசித்தால் ஒரே காணிக்கைப் பட்டியல் பன்னிரண்டு முறை வருகிறது. கோத்திரத் தலைவர்களிடம் கற்றுக்கொள்ள இதில் என்ன இருக்கிறது? தாழ்மை என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருப்பதுதானா?"

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: இல்லை. ஏன் என்று பின்னால் வருகிறேன். முதல் கேள்விக்குத்தான் பொறுமை வேண்டும்.

7ஆம் அதிகாரத்தில் 89 வசனங்கள். மோசேயின் ஐந்து ஆகமங்களிலும் நீளமான அதிகாரம் இதுதான். முழு வேதாகமத்திலும் வசன எண்ணிக்கையில் இதை மிஞ்சுவது 119ஆம் சங்கீதம் ஒன்றுதான். ஓர் ஆண்டில் வேதாகமம் முழுவதையும் வாசித்து முடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் லேவியராகமத்தில் தப்பித்தாலும் இங்கே அகப்பட்டுக்கொள்வார்கள். பிரசங்கிகளும் பெரும்பாலும் 6ஆம் அதிகாரத்து ஆசாரிய ஆசீர்வாதத்தோடு நின்று, அடுத்து 9ஆம் அதிகாரத்து மேகத்துக்குத் தாவிவிடுவார்கள். உங்களிடம் இதைக் கொடுத்தவர் அதிகாரத்தை வாசித்துப் பார்த்துத்தான் கொடுத்தாரா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எப்படியிருந்தாலும் நல்ல பகுதி.

முதலில், இந்தப் பன்னிரண்டு பேர் யார்? நமது தமிழ் வேதாகமம் இவர்களைப் பிரபுக்கள் என்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் மாளிகையும் பல்லக்கும் நினைவுக்கு வந்தால் அதைத் தள்ளி வையுங்கள். இவர்கள் கூடாரங்களில் வசித்த பிதாக்களின் வம்சத் தலைவர்கள். சேதேயூரின் குமாரன் எலிசூர் ரூபனுக்கு, அம்மினதாபின் குமாரன் நகசோன் யூதாவுக்கு, ஏனானின் குமாரன் அகீரா நப்தலிக்கு என்று கோத்திரத்துக்கு ஒருவர். மோசேயோடு நின்று ஜனத்தை எண்ணுவது, பாளயம் புறப்படும்போது தன் கோத்திரத்தைக் கொடியின் கீழ் நடத்திப் போவது இவர்களுடைய வேலை.

இவர்களுக்கு இந்த இடம் எப்படி வந்தது என்பதற்கு யூத விளக்கவுரையாளர் ராஷி (1040–1105) ஒரு மரபைச் சொல்கிறார். எகிப்தில் வைக்கோல் கொடுக்காமல் செங்கல் கணக்கை மட்டும் கேட்டார்கள் அல்லவா? கணக்குக் குறைந்தபோது பார்வோனின் ஆளோட்டிகள் அடித்தது வேலையாட்களை அல்ல, அவர்களுக்கு மேலே வைக்கப்பட்டிருந்த இஸ்ரவேல் தலைவர்களை. இது யாத்திராகமம் 5இல் இருக்கிறது. ஜனத்துக்காக முதுகில் அடி வாங்கிய அந்தத் தலைவர்களே எண்ணாகமத்தின் பிரபுக்கள் என்கிறது மரபு. வரலாறாக இதை நிரூபிக்க முடியாது. ஆனால் தலைமைக்குத் தகுதி எங்கே பிறக்கிறது என்று அந்தப் பழைய வாசகர்கள் எண்ணினார்கள் என்பது இதில் தெரிகிறது.

இதே மரபு இவர்களைக் கடிந்துகொள்ளவும் தயங்குவதில்லை. வனாந்தரத்தில் ஜனம் சுமந்து சென்ற ஆராதனைக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்துக்குக் காணிக்கை கேட்கப்பட்டபோது பிரபுக்கள், "ஜனங்கள் கொடுப்பதைக் கொடுக்கட்டும், குறைவதை நாங்கள் நிரப்பிவிடுகிறோம்" என்று சொல்லிக் காத்திருந்தார்களாம். கேட்கப் பெருந்தன்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. ஜனங்கள் கொண்டுவந்து குவித்தது வேலைக்குப் போதுமானதற்கும் மேலாகி, இனிக் கொண்டுவர வேண்டாம் என்று பாளயத்தில் கூறவேண்டியதாயிற்று. பிரபுக்களுக்கு மிஞ்சியது ஆசாரிய உடையான ஏபோத்துக்கும் மார்ப்பதக்கத்துக்கும் வேண்டிய கற்களும், எண்ணெயும், சுகந்தவர்க்கங்களுமே. கடைசியில் வந்து குறையை நிரப்புகிற வள்ளலாக இருக்கலாம் என்ற நினைப்பில் ஒளிந்திருக்கும் பெருமையை ராஷி சோம்பல் என்றே எழுதுகிறார். அதனால்தான் பலிபீடப் பிரதிஷ்டை வந்தபோது அவர்கள் முந்திக்கொண்டார்கள் என்பது அவர் விளக்கம்.

அப்படி முந்திக்கொண்டு வந்தவர்கள் முதலில் எதைக் கொண்டுவந்தார்கள்? வெள்ளித்தாலத்தை அல்ல. வண்டிகளை. கூண்டு வண்டிகள் ஆறு, மாடுகள் பன்னிரண்டு. பன்னிரண்டு பேருக்கு ஆறு வண்டி, ஆளுக்கு ஒரு மாடு, இரண்டு பேருக்கு ஒரு வண்டி என்று வசனமே கணக்குச் சொல்கிறது. ஆளுக்கொரு வண்டி கொடுக்க வசதி இல்லாதவர்கள் அல்லர் இவர்கள். ஆனாலும் இரண்டு தலைவர்கள் சேர்ந்து ஒரு வண்டி என்று வந்து நிற்கிறார்கள். "இது நான் கொடுத்தது" என்று யாரும் எந்த வண்டியையும் தனியாகத் தொட்டுக் காட்ட முடியாது.

அந்த வண்டிகள் யாருக்குப் போயின என்று பாருங்கள். கூடாரத்தைக் கழற்றிச் சுமக்கிற லேவியருக்கு. திரைகளையும் கயிறுகளையும் சுமந்த கெர்சோன் புத்திரருக்கு இரண்டு வண்டி, நான்கு மாடு. பலகைகள், தாழ்ப்பாள்கள், தூண்கள், பாதங்கள் ஆகியவற்றைச் சுமந்த மெராரி புத்திரருக்கு நான்கு வண்டி, எட்டு மாடு. மெராரியின் சுமையைக் கொஞ்சம் கணக்கிட்டால் விஷயம் புரியும். வாசஸ்தலத்தின் வெள்ளிப்பாதங்கள் மட்டும் நூறு. பாதத்துக்கு ஒரு தாலந்து. தாலந்து என்பது 3,000 சேக்கல். சேக்கலைச் சுமார் 11 கிராமாக எடுத்துக்கொண்டால் ஒரு பாதம் 30 கிலோவுக்கு மேல், நூறும் சேர்ந்து மூன்று டன்னைத் தாண்டும். இதற்கு மேல் பத்து முழ உயரப் பலகைகள் நாற்பத்தெட்டு. சுமை அதிகமுள்ளவனுக்கு வண்டி அதிகம். கோகாத் புத்திரருக்கோ ஒன்றுமில்லை. உடன்படிக்கைப் பெட்டி முதலானவற்றைத் தோளில்தான் சுமக்க வேண்டும் என்பது கட்டளை.

ஆக, பிரதிஷ்டை நாளில் தலைவர்கள் கொண்டுவந்த முதல் பொருள் சுமக்கிறவனின் தோளுக்குச் சற்று ஓய்வு கொடுக்கிற பொருள். கமிட்டியில் உட்காரப் போகிற உங்களுக்கு இந்த ஒன்பது வசனங்களே போதும் என்றுகூடச் சொல்வேன். பீடத்துக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று யோசிக்கிற தலைவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பீடத்தைத் தூக்கிப் போகிறவனுக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கிறவர்கள் குறைவு.

பட்டியல் இதற்குப் பிறகுதான் வருகிறது. நாளொன்றுக்கு ஒருவராகப் பன்னிரண்டு நாள். ஒவ்வொருவர் கையிலும் 130 சேக்கல் எடையுள்ள ஒரு வெள்ளித்தாலம், 70 சேக்கல் எடையுள்ள ஒரு வெள்ளிக்கலம், இரண்டிலும் நிறைய எண்ணெயில் பிசைந்த மெல்லிய மா. தூபவர்க்கம் நிறைந்த 10 சேக்கல் பொற்கரண்டி ஒன்று. சர்வாங்க தகனபலிக்கு ஒரு காளை, ஒரு ஆட்டுக்கடா, ஒரு வயது ஆட்டுக்குட்டி ஒன்று. பாவநிவாரண பலிக்கு ஒரு வெள்ளாட்டுக்கடா. சமாதான பலிக்கு இரண்டு மாடு, ஐந்து ஆட்டுக்கடா, ஐந்து வெள்ளாட்டுக்கடா, ஐந்து ஆட்டுக்குட்டி. மறுநாளும் இதே. அதற்கு மறுநாளும் இதே.

நம் ஊர்க் கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னவர் 500 என்று எழுதியிருந்தால் பின்னால் வருகிறவருக்கு 501 எழுதக் கை துறுதுறுக்கும். இங்கே இரண்டாம் நாள் வந்த இசக்காரின் நெதனெயேலுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. ஒரு கரண்டி கூடுதலாகக் கொண்டுவந்திருந்தால் மூன்றாம் நாள் செபுலோனின் எலியாப் அதற்கு மேல் கொண்டுவர வேண்டியிருக்கும். பன்னிரண்டாம் நாள் வரும் அகீராவின் கதி என்ன? இத்தனைக்கும் கோத்திரங்கள் சம அளவு அல்ல. யூதாவில் யுத்தத்துக்குப் போகத்தக்கவர்கள் 74,600 பேர், மனாசேயில் 32,200 பேர். பாதிக்கும் குறைவு. ஆனால் நகசோனின் தாலமும் மனாசேயின் தலைவன் கமாலியேலின் தாலமும் ஒரே எடை. பெரிய கோத்திரம் தன் பெருமையைத் தராசில் வைக்கவில்லை. சிறிய கோத்திரம் குன்றி நிற்க நேரவில்லை.

முதலில் வந்தவன் நகசோன் என்பதையும் கவனியுங்கள். யூதாவின் தலைவன், அவன் சகோதரி எலிசபாள் ஆரோனின் மனைவி. அதாவது பிரதான ஆசாரியனின் மைத்துனன். சிவந்த சமுத்திரம் பிளக்குமுன் தண்ணீரில் முதலில் இறங்கியவன் இவனே என்று யூத ரபிகளின் பழைய போதனைத் தொகுப்பான தல்மூதில் ஒரு மரபும் உண்டு. (அதே பக்கத்தில் இன்னொரு ரபி, இறங்கியது பென்யமீன் கோத்திரத்தார் என்கிறார். தல்மூது எந்தக் கோத்திரத்தையும் நிம்மதியாகப் பெருமைப்பட விடாது.) அப்படிப்பட்டவனை முதல் நாள் அறிமுகப்படுத்தும்போது வசனம் யூதா கோத்திரத்தானாகிய நகசோன் என்று மட்டும் சொல்கிறது. மற்றப் பதினொரு பேருக்கும் பிரபு என்ற பட்டம் உண்டு. முதலில் வந்தவனுக்கு மட்டும் இல்லை. முதலிடம் அவனுக்குக் கிடைத்தது, பட்டம் மற்றவர்களுக்குக் கிடைத்தது என்று யூத வாசகர்கள் இதைப் பேசிப் பேசி ரசித்திருக்கிறார்கள். எனக்கும் பிடித்த இடம்.

யாக்கோபின் மூத்த குமாரன் ரூபனுடைய கோத்திரம் வந்தது நான்காம் நாள். வரிசை பாளயம் புறப்படும் வரிசை. பிறப்பு வரிசை அல்ல. எலிசூர் அதற்காக முறுமுறுத்ததாக எதுவும் இல்லை. ஆனால் 16ஆம் அதிகாரத்தில் கோராகோடு சேர்ந்து மோசேயை எதிர்த்த தாத்தானும் அபிராமும் ரூபன் கோத்திரத்தார்தான். கோராகின் கோகாத் வம்சமும் ரூபனும் கூடாரத்தின் தென்பக்கத்தில் அக்கம்பக்கமாகப் பாளயமிறங்கியவர்கள். பொறாமை ஒரு கூடாரத்திலிருந்து அடுத்த கூடாரத்துக்குப் போக அதிக தூரமில்லை.

இனிப் பட்டியலை ஏன் சுருக்கவில்லை என்ற கேள்வி. முதல் நாளை எழுதிவிட்டு, மற்றப் பதினொரு பேரும் அவ்வாறே செய்தார்கள் என்று முடித்திருக்கலாம். கடைசியில் கூட்டுத்தொகை வேறு வருகிறது: வெள்ளி 2,400 சேக்கல், பொன் 120 சேக்கல். கணக்குப்பிள்ளைக்கு அதுவே போதும். ஆனால் வசனம் அகீராவுக்கும் ஆறு வசனம் ஒதுக்கி, தாலத்தின் எடையைப் பன்னிரண்டாவது முறையும் எழுதுகிறது. பன்னிரண்டாம் நாளில் கூட்டத்துக்கு அலுத்துப் போயிருக்கும். கொண்டுவருகிற அகீராவுக்கு அது முதல் நாள். கர்த்தருடைய சந்நிதியில் யாருடைய சேவையும் "மேற்படி" என்று எழுதப்படவில்லை என்பதே இந்த 89 வசனங்களில் நான் காண்பது. ஒருவர் செய்ததையே அடுத்தவர் செய்தால் அதற்கு மதிப்பில்லை, புதிதாக ஏதாவது செய்து பெயர் வாங்க வேண்டும் என்று நினைக்கிற புதுக் கமிட்டிக்காரர்களுக்கு இது கசப்பான மருந்து.

இன்னொன்றும் உண்டு. பலிபீடத்துக்கு இத்தனையும் கொடுத்தவர்கள் வாக்குத்தத்த தேசத்தைப் பார்க்கவில்லை. எகிப்திலிருந்து புறப்பட்டு எண்ணப்பட்டவர்களில் காலேபையும் யோசுவாவையும் தவிர யாரும் உள்ளே போகவில்லை. 34ஆம் அதிகாரத்தில் தேசத்தைப் பங்கிடப் பிரபுக்களின் பெயர் மறுபடியும் வருகிறது. முதல் பட்டியலிலிருந்து ஒரு பெயர்கூட அதில் இல்லை. கானானுக்குப் போய்ச் சேர்ந்தது அவர்கள் கொடுத்த வண்டிகளில் ஏறிய கூடாரம்.

லேவியராகமம் 4ஐயும் சேர்த்து வாசிக்கச் சொல்வேன். அங்கே பிரபு ஒருவன் அறியாமல் பாவஞ்செய்து பின்பு அதை உணர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தனிச் சட்டமே இருக்கிறது: பழுதற்ற ஒரு வெள்ளாட்டுக்கடாவைக் கொண்டுவந்து அதன் தலைமேல் கைவைக்க வேண்டும். சாதாரண ஜனத்தானுக்குப் பெண் ஆடு, பிரபுவுக்குக் கடா. அதாவது, ஒரு கோத்திரத் தலைவன் கடாவை ஓட்டிக்கொண்டு கூடாரத்தை நோக்கி நடந்தால், பார்க்கிறவர்களுக்கு அவன் எதற்குப் போகிறான் என்று தெரிந்துவிட வழியுண்டு. தன் தவறுக்குப் பலி கொண்டுவருகிற தலைவனைப் பெற்ற தலைமுறை பாக்கியமுள்ளது என்று ரபி யோகனான் பென் சக்காய் சொன்னதாகத் தல்மூது பதிவு செய்கிறது. தலைவனே கொண்டுவந்தால் மற்றவர்கள் கொண்டுவரக் கூச்சப்படுவார்களா?

தோற்றுப்போன தலைவர்களை நான் அதிகம் விரிக்கப் போவதில்லை. கானானை வேவுபார்க்கப் போன பன்னிரண்டு பேரில் ஜனத்தைப் பயமுறுத்திய பத்துப் பேரும், கோராகோடு எழும்பிய 250 பேரும் பிரபலமான தலைவர்கள்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆனால் நியாயாதிபதிகள் புத்தகத்தில் ஒரு ஜோடி இருக்கிறது. அதை விடக் கூடாது.

கிதியோன் மீதியானியரை முறியடித்தவுடன் எப்பிராயீம் கோத்திரத்தார் சண்டைக்கு வந்தார்கள்: யுத்தத்துக்குப் போகும்போது எங்களை ஏன் கூப்பிடவில்லை? நியாயமாகப் பார்த்தால் கிதியோனுக்குக் கோபம் வரவேண்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு முந்நூறு பேரோடு இறங்கியவன் அவன். அவன் சொன்னதோ இது: நீங்கள் செய்ததற்கு முன் நான் செய்தது எம்மாத்திரம்? என் ஊராரின் திராட்ச அறுப்பு முழுவதையும்விட எப்பிராயீமில் அறுத்தபின் மிஞ்சிய பழங்கள் மேலானவை அல்லவா? மீதியானின் அதிபதிகளான ஓரேபும் சேபும் உங்கள் கையில்தானே விழுந்தார்கள்? அவர்கள் கோபம் ஆறிப்போயிற்று.

சில தலைமுறைக்குப் பின் அதே எப்பிராயீம், அதே குற்றச்சாட்டோடு கீலேயாத்தின் தலைவன் யெப்தாவிடம் வந்தது. இந்த முறை வீட்டோடு கொளுத்திவிடுவோம் என்ற மிரட்டலும் சேர்ந்தது. நான் கூப்பிட்டேன், நீங்கள்தான் வரவில்லை என்றான் யெப்தா. அது உண்மையாகவே இருக்கலாம். சகோதரர்களால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு வளர்ந்தவனுக்கு அவமதிப்பைப் பொறுப்பது எளிதாக இருந்திருக்காது. ஆட்களைத் திரட்டினான். யோர்தான் துறைகளில் வந்தவனையெல்லாம் நிறுத்தி ஷிபோலேத் என்று சொல்லச் சொன்னார்கள். எப்பிராயீமியர் வாயில் அந்த 'ஷி' வராது. சிபோலேத் என்று சொன்னவன் செத்தான். 42,000 பேர். ஒரு கோத்திரத்தின் ரோஷத்துக்கு ஒருவன் திராட்சப்பழத்தைப் பற்றிப் பேசினான், இன்னொருவன் நியாயம் பேசினான்.

இங்கே நிறுத்திவிட்டால் அழகான பிரசங்கம் கிடைக்கும். ஆனால் வசனம் நம்மை அப்படி விடாது. கிதியோன் எப்பிராயீமிடம் தேனாகப் பேசிய அதே 8ஆம் அதிகாரத்தில், களைத்துப்போன தன் ஆட்களுக்கு அப்பம் தர மறுத்த சுக்கோத்தின் மூப்பர் எழுபத்தேழு பேரை முள்ளால் தண்டித்தான். பெனூவேலின் கோபுரத்தை இடித்து அந்த ஊராரைக் கொன்றான். பலமுள்ள பெரிய கோத்திரத்திடம் பணிவு, பலமற்ற சிற்றூரிடம் முள். நம்மில் பலருடைய தாழ்மையும் இப்படித்தான் மேல்நோக்கி மட்டும் வேலை செய்கிறது.

அவன் வாயில் தாழ்மையான வார்த்தைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அழைக்கப்பட்டபோது, மனாசேயில் என் குடும்பம் எளியது, என் தகப்பன் வீட்டில் நான் சிறியவன் என்றான். அரசாளக் கேட்டபோது, நானும் ஆளமாட்டேன், என் மகனும் ஆளமாட்டான், கர்த்தரே ஆளுவார் என்றான். அடுத்த மூச்சில் கொள்ளையிட்டவற்றிலிருந்து ஆளுக்கொரு கடுக்கன் கேட்டு வாங்கினான். 1,700 சேக்கல் பொன் சேர்ந்தது. அதில் ஏபோத்தைச் செய்து தன் ஊரான ஒப்ராவில் வைத்தான். இஸ்ரவேல் முழுவதும் அதன்பின் போய்ச் சோரம்போயிற்று. சிங்காசனம் வேண்டாம் என்றவன் வீட்டில் ராஜாவுக்குரியபடி அநேக மனைவிகளும் எழுபது குமாரரும் இருந்தார்கள். அவனுக்கு மறுமனையாட்டியிடம் பிறந்த அபிமெலேக்கு அந்த எழுபது பேரையும் ஒரே கல்லின்மேல் கொல்லப் போனான்.

தப்பியது கடைசி மகன் யோதாம் மட்டும். அவன் கெரிசீம் மலை உச்சியில் நின்று சீகேமின் மனிதருக்குச் சொன்ன கதை தலைமையைப் பற்றி எபிரெய வேதத்தில் உள்ள மிகக் கூர்மையான கதை. மரங்கள் தங்களுக்கு ராஜாவைத் தேடின. ஒலிவமரம் தன் எண்ணெயை விட்டு வரமாட்டேன் என்றது. அத்திமரம் தன் இனிப்பையும் கனியையும் விட்டு வரமாட்டேன் என்றது. திராட்சச்செடியும் அப்படியே. கொடுக்க ஒன்றும் இல்லாத முட்செடிதான் உடனே சம்மதித்து, என் நிழலிலே வந்து ஒதுங்குங்கள் என்று அழைத்தது. முட்செடிக்கு ஏது நிழல்? இதை வைத்து, நல்லவர்கள் பொறுப்புக்கு வரக் கூடாது என்று சிலர் பேசுவதுண்டு. நான் அப்படி வாசிப்பதில்லை. கனி கொடுக்கிற வேலையைக் கைவிட்டுத்தான் ஒரு பதவிக்குப் போக வேண்டுமென்றால் அந்தப் பதவியைச் சந்தேகியுங்கள் என்றே வாசிக்கிறேன்.

தாழ்மையான சேவைக்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் சத்தமில்லாத இரண்டு வசனங்களைக் காட்டுகிறேன். யோசுவா 19இல் எல்லாக் கோத்திரங்களுக்கும் தேசம் பங்கிட்டு முடிந்த பிறகுதான் யோசுவாவுக்குப் பங்கு வருகிறது: எப்பிராயீம் மலைத்தேசத்தில் திம்னாத்சேரா. கிடைத்த ஊரை அவனே கட்டிக் குடியேற வேண்டியிருந்தது. அடுத்து காலேப். எண்பத்தைந்து வயதில் எபிரோன் மலைநாட்டைக் கேட்டு வாங்கி, அங்கிருந்த ஏனாக்கியரைத் துரத்தினான். 21ஆம் அதிகாரத்துக்கு வந்தால் எபிரோன் பட்டணம் ஆரோனின் புத்திரருக்கு அடைக்கலப்பட்டணமாகக் கொடுக்கப்படுகிறது. காலேபுக்கு மிஞ்சியது அதன் வயல்களும் கிராமங்களும். நாற்பத்தைந்து வருடம் காத்திருந்து பெற்ற பட்டணம், கைப்பிசகாய்க் கொலை செய்தவன் ஓடி ஒளிகிற ஊராக மாறியது. காலேப் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதாக இல்லை.

சாலொமோன் ராஜாவின் மகன் ரெகொபெயாமின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்று இந்த ஜனத்துக்குச் சேவகனாக இருந்தால் அவர்கள் என்றைக்கும் உமக்குச் சேவகராக இருப்பார்கள் என்று மூப்பர்கள் சொன்னதைத் தள்ளிவிட்டு, கூட வளர்ந்த வாலிபர்கள் சொற்படி சவுக்கையும் தேளையும் பற்றிப் பேசினான். பத்துக் கோத்திரங்கள் போய்விட்டன. மூப்பர்களின் ஆலோசனையிலும் கொஞ்சம் தந்திரம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு நாள் சேவகம், ஆயுசுக்கும் ஆட்சி என்பது நல்ல வியாபாரம்தானே.

இப்போது தலையாட்டும் கேள்வி.

யோசுவா 9இல் கிபியோனியர் பழைய சாக்குகளும் பொத்தலான துருத்திகளும் பூசணம் பூத்த அப்பமுமாக வந்து, தூரதேசத்தார் என்று நடித்து உடன்படிக்கை வாங்கினார்கள். மூன்று நாளில் குட்டு வெளிப்பட்டது. சபையார் எல்லாரும் பிரபுக்களின்மேல் முறுமுறுத்தார்கள். கர்த்தரிடம் கேட்காமல் ஆணையிட்டது தவறு என்பதில் சந்தேகமில்லை. அந்த நேரத்தில் ஜனத்தின் பக்கம் சாய்ந்து ஆணையை முறித்திருந்தால் பிரபுக்களுக்கு நல்ல பெயர் திரும்பியிருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை: ஆணையிட்டுக் கொடுத்தோம், அவர்களைத் தொடக் கூடாது என்று நின்றார்கள். கிபியோனியர் விறகு வெட்டுகிறவர்களாகவும் தண்ணீர் எடுக்கிறவர்களாகவும் உயிரோடு தப்பினார்கள். வெகுகாலத்துக்குப் பின் சவுல் அந்த ஆணையை மீறி அவர்களைக் கொன்றதற்காக, தாவீதின் நாட்களில் மூன்று வருடம் பஞ்சம் வந்தது. கூட்டத்தின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு பலவீனனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதும் பணிவிடைதான்.

இதையும் விஞ்சுவது யோசுவா 22. ரூபனும் காத்தும் மனாசேயின் பாதிக் கோத்திரமும் யுத்தம் முடிந்து வீடு திரும்பும்போது யோர்தானருகே ஒரு பெரிய பீடத்தைக் கட்டினார்கள். கர்த்தருடைய பீடத்தைத் தவிர வேறு பலிபீடம் கட்டுவது துரோகம். செய்தி கேட்ட மற்றக் கோத்திரத்தார் யுத்தத்துக்குப் புறப்படச் சீலோவில் கூடிவிட்டார்கள். ஆனால் படைக்கு முன் ஒரு தூது போனது: ஆசாரியன் பினெகாசும், கோத்திரத்துக்கு ஒருவராகப் பத்துப் பிரபுக்களும். பினெகாஸ் யார்? எண்ணாகமம் 25இல் கையில் ஈட்டியை எடுத்துக்கொண்டு சிமியோன் கோத்திரத்தில் ஒரு வம்சத்தின் பிரபுவான சிம்ரியைக் குத்திக் கொன்றவன். ஈட்டிக்குப் பேர்போன மனிதனைக் கேள்வி கேட்க அனுப்பியிருக்கிறார்கள்.

அவர்கள் குழைந்து பேசவில்லை. இது என்ன துரோகம் என்று நேராகவே கேட்டார்கள். முன்பு சிலர் செய்து ஜனம் முழுவதையும் பாதித்த பேயோரின் பாவத்தையும் ஆகானின் பாவத்தையும் நினைவுபடுத்தினார்கள். நடுவே ஒரு வாக்கியம் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது: உங்கள் பங்கு தீட்டானதென்றால் இந்தப் பக்கம் வாருங்கள், எங்கள் நடுவிலே காணியாட்சி பெற்றுக்கொள்ளுங்கள். அப்போதுதான் பங்கிட்டு வாங்கிய நிலம் அது. இன்னும் அதில் ஒரு விளைச்சல்கூடச் சரியாக எடுத்திருக்க மாட்டார்கள். அதிலிருந்து வெட்டிக் கொடுக்கிறோம் என்கிறார்கள்.

பதில் வந்தது. இது பலிக்கான பீடம் அல்ல, சாட்சிக்கான பீடம். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, யோர்தான் நடுவே எல்லையாக இருக்கிறது, உங்களுக்குக் கர்த்தரிடத்தில் பங்கில்லை என்று சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில் கட்டினோம் என்றார்கள். பினெகாசும் பிரபுக்களும் கேட்டார்கள். நலமாயிருந்தது என்கிறது வசனம். திரும்பிப் போய்ச் சொன்னார்கள். யுத்தப் பேச்சு நின்றது. எதிர்த்தரப்பின் பயம் நியாயமானது என்று ஒப்புக்கொள்ளப் பத்துத் தலைவர்கள் ஆற்றைக் கடந்து போக வேண்டியிருந்தது. ஆகவே கமிட்டியில் ஏதாவது தவறாகப் பட்டால் தலையாட்டாதீர்கள். போய்க் கேளுங்கள். கேட்கப் போகும்போது உங்கள் பங்கிலிருந்து எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்பதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்களுக்கு அரை மணி நேரம்தான் கொடுத்திருப்பார்கள் என்றால் கிதியோனையும் ரெகொபெயாமையும் விட்டுவிடுங்கள். வண்டிகள், பட்டியல், யோசுவா 22, இந்த மூன்றும் போதும். 7ஆம் அதிகாரத்தை நீங்களே வாசிக்காமல், முதல் பதினொரு வசனங்களை ஒருவரிடமும் பிறகு நாளுக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேரிடமும் கொடுத்து, எதையும் சுருக்காமல் வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் நாள் வாக்கில் கூட்டம் நெளியத் தொடங்கும். நெளியட்டும், பிறகு நீங்கள் பேசப் போவது அவர்களுக்குச் சட்டென்று புரியும். பகுதிகளை முந்தின ஞாயிறே பிரித்துக் கொடுத்துவிடுவது நல்லது. சூரிஷதாயும் அம்மிஷதாயும் முன்தயாரிப்பு இல்லாமல் வாய்க்குள் நுழைகிற பெயர்கள் அல்ல.